25 குதிரைவலு எஞ்சின் ஒரு கடல் மைலுக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?

இலங்கையின் மன்னார்ப் பக்கத்துப் பேசாலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 23 அடி பைபர் படகு, 25 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின், மூன்று பேர் தொழிலுக்குப் போகிறார்கள். எஞ்சினை விற்றவர் மணிக்கு எட்டு லீற்றர்தான் போகும் என்று சொன்னாராம். இவருக்குப் பன்னிரண்டு போகிறது. எஞ்சினில் பழுதா, பெற்றோலில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மாறினால் மிச்சம் பிடிக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

முதலில் மனதை ஆறுதல்படுத்திவிடுகிறேன். எஞ்சின் பெரும்பாலும் நல்லாகத்தான் இருக்கிறது. எண்ணெயையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர் வைத்த, உங்களுடையது போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. கைபிடியை முழுவதும் முறுக்கி ஓட்டினால், பெற்றோலில் பத்துக் குதிரைவலுவுக்கு மணிக்கு நாலு லீற்றர், கொஞ்சம் கூடக் குறைய. அப்படியானால் 25 குதிரைவலுவுக்குப் பத்து லீற்றர். மண்ணெண்ணெயில் ஓடினால் அதற்கு மேலே ஒன்றிரண்டு லீற்றர் ஏறும். ஆகப் பன்னிரண்டு என்பது முழு வேகத்துக்கு நியாயமான அளவு. விற்றவர் சொன்ன எட்டும் பொய்யென்று சொல்ல மாட்டேன். எந்த வேகத்தில் எட்டு என்பதை அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

சரி, இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். மணிக்கு எத்தனை லீற்றர் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். அது தொழிலுக்கு உதவாது. வலை கிடக்கும் இடம் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இல்லை, பதினைந்து கடல் மைலில் இருக்கிறது. எனவே கேட்க வேண்டியது ஒரு கடல் மைலுக்கு எத்தனை லீற்றர் என்று. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. மணிக்கணக்கில் குறைவாகக் குடிக்கிற வேகம், மைல் கணக்கில் சில வேளை கூடுதலாகக் குடிக்கும். அந்த இடத்தில்தான் கனபேருடைய காசு கடலில் போகிறது.

உங்கள் படகையே எடுத்து ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக நான் வைப்பவை. உங்களுடையவற்றை எப்படி அளப்பதென்று பிறகு சொல்கிறேன். காலையில் போகும்போது படகு இலேசாக இருக்கிறது. முழு வேகத்தில் 16 நொட், அதாவது மணிக்கு 16 கடல் மைல் வருகிறது, மணிக்கு 12 லீற்றர் போகிறது. மைலுக்கு 0.75 லீற்றர். கைபிடியைக் கொஞ்சம் விட்டு 12 நொட்டில் போனால் மணிக்கு 7 லீற்றர், மைலுக்கு 0.58. இதுவரைக்கும் எல்லாரும் எதிர்பார்ப்பதுதான்.

இனித் திரும்பி வருவோம். ஈர வலை, மீன், ஐஸ், உள்ளே நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து படகு பாரமாகிவிட்டது. முழு வேகத்தில் 13 நொட்தான் வருகிறது. அதே 12 லீற்றருக்கு மைலுக்கு 0.92. எண்ணெயை மிச்சம் பிடிப்போம் என்று நினைத்து, காலையில் விட்ட அதே அளவுக்குக் கைபிடியை விடுகிறீர்கள். இப்போது 12 நொட் வராது. படகு தண்ணீருக்கு மேலே ஏறி நிற்க முடியாமல் பின்பக்கம் தாழ்ந்து, அணியம் மேலே தூக்கி, பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு 8 நொட்டில் போகும். எரிவது 7 லீற்றர். மைலுக்கு 0.88. முழு வேகத்தில் போனதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை, நேரம்தான் வீண். இன்னும் குறைத்து 6 நொட்டுக்கு வந்துவிட்டால் 3 லீற்றர் போதும். மைலுக்கு அரை லீற்றர்.

இதற்குக் காரணம் படகு எழுப்பும் அலை. மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும். வேகம் கூடக் கூட, தான் எழுப்பும் அலையும் நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் தன் அணியத்து அலை மீதே படகு ஏற வேண்டும். அந்த எல்லை வேகத்துக்குப் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது: தண்ணீரில் படும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் நொட் கிடைக்கும். 23 அடிப் படகில் தண்ணீரில் படுவது ஏறத்தாழ 20 அடி. விடை 6 நொட். இந்த எல்லைக்குள் ஓடும்வரை, வேகத்தைப் பத்து வீதம் குறைத்தால் மணிக்கு எரிவது கால் பங்குக்கு மேல் குறையும். மைல் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும்.

ஆறு நொட்டுக்கும் படகு முழுசாக மேலே ஏறி ஓடும் வேகத்துக்கும் நடுவில் ஒரு மேடு. சைக்கிளில் பாலம் ஏறுவது போல. ஏறிவிட்டால் அப்புறம் அவ்வளவு கஷ்டமில்லை. கீழே இருந்தாலும் கஷ்டமில்லை. பாதிப் பாலத்தில் நின்று மிதிப்பதுதான் ஆகக் கேடு. படகின் பாரத்தைப் பொறுத்து இந்த மேட்டின் இடமும் உயரமும் மாறும். அதனால் காலையில் சரியாக இருந்த கைபிடி அளவு, மத்தியானம் பிழையாகிவிடுகிறது. மேலே ஏறி ஓடு, அல்லது ஆறு நொட்டுக்குக் கீழே வா. நடுவில் நிற்காதே. எங்கே நிற்கிறோம் என்பதை அறிய மீற்றர் எதுவும் வேண்டாம், பின்னால் திரும்பிப் பாருங்கள். பின்னால் வரும் அலை உயர்ந்து, செங்குத்தாக, எஞ்சினை ஒட்டியே எழுந்து வந்தால் நீங்கள் மேட்டில் நிற்கிறீர்கள்.

பதினைந்து மைல் போய்ப் பதினைந்து மைல் வரும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வழியும் முழு வேகம் என்றால் சுமார் 25 லீற்றர். போகும்போது 12 நொட், வரும்போது 6 நொட் என்றால் 16 லீற்றர் சொச்சம். மிச்சம் ஏறத்தாழ 9 லீற்றர். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது உங்களுக்கும் மறந்திருக்காது. 87 ரூபாய்க்கு இந்த ஒன்பது லீற்றர் 800 ரூபாய் கூட இல்லை. யாரும் கணக்குப் பார்க்கவில்லை. 340 ஆனபோது அதே ஒன்பது லீற்றர் 3,000 ரூபாய்க்கு மேல். கரையில் நின்று அரசாங்கத்தைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த மாதம்தான் எங்கள் பக்கத்துப் பெடியள் முதல் முறையாக ஒரு கானுக்கு எத்தனை மைல் என்று எண்ணத் தொடங்கினார்கள்.

மெதுவாக வருவது இலவசம் இல்லை. மேலே சொன்ன கணக்கில் நீங்கள் ஒரு மணி நாற்பது நிமிடம் பிந்துகிறீர்கள். மீனை ஏலம் கூறும் நேரத்துக்குள் கரை சேர்ந்தால் கிடைக்கும் விலையும், வியாபாரி லொறியை ஏற்றிக்கொண்டு போனபிறகு கிடைக்கும் விலையும் ஒன்றல்ல. நல்ல மீன் பட்ட நாளில் முழு வேகத்தில் ஓடி வருவதுதான் சரியான கணக்கு. மீன் படாத நாளில்தான் பிழை விடுகிறோம். வெறும் வலையோடு, அலுப்பில், வீட்டுக்குப் போக வேண்டுமென்ற அவசரத்தில் முழுவதும் முறுக்கி வருகிறோம். மிச்சம் பிடிக்க வேண்டிய நாளே அதுதான்.

நீரோட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 6 நொட்டில் போகும் படகுக்கு எதிரே ஒன்றரை நொட் நீரோட்டம் இருந்தால் நிலத்தைப் பார்த்து நீங்கள் போவது நாலரை நொட். மைலுக்கு அரை லீற்றர் என்பது 0.67 ஆகிவிடும். வேகமான படகை அதே நீரோட்டம் அவ்வளவாகப் பாதிக்காது. ஆக, எதிர் நீரோட்டத்தில் மிக மெதுவாக ஊர்வதும் நட்டம். காற்றும் அப்படித்தான். பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அதனால் தென்மேற்குக் காற்றான சோழகம் எழும்பினால் அலை உயரமாக இல்லாவிட்டாலும் குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வரும். அதற்கு எதிரே மேலே ஏறி ஓடப் பார்த்தால் படகு அடித்து அடித்து விழும். ஒவ்வொரு அடிக்கும் வேகம் அறுந்து, எஞ்சின் திரும்பத் திரும்ப மேட்டை ஏறிக்கொண்டிருக்கும். எந்த விளம்பரத் தாளிலும் இந்த நிலைமைக்கு ஒரு எண் இருக்காது. அமைதியான தண்ணீர், ஒரு ஆள், வெறும் படகு, புது எஞ்சின் என்று வைத்து எடுத்த அளவுகள் அவை.

அளப்பது எப்படி என்று சொன்னேன் அல்லவா. காசு எதுவும் செலவில்லை. தொலைபேசியில் வேகம் காட்டும் ஜிபிஎஸ் செயலி ஒன்று போதும், அலகை நொட்டில் வையுங்கள். அளவுக் கோடு போட்ட ஐந்து லீற்றர் வெள்ளைக் கான் ஒன்றை எடுத்து, பெற்றோலில் தொடக்கிய எஞ்சின் சூடாகி மண்ணெண்ணெய்க்கு மாற்றிய பிறகு குழாயை அதில் போடுங்கள். ஒரே வேகத்தில் இரண்டு மைல் போய், அதே இரண்டு மைல் திரும்பி வாருங்கள். போகவும் வரவும் ஓடினால்தான் நீரோட்டமும் காற்றும் ஓரளவுக்கு ஒன்றையொன்று கழித்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஓடிவிட்டு வந்து கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து நாலால் வகுங்கள். முழு வேகம், முக்கால், ஆறு நொட் என்று மூன்று வேகத்தில் செய்யுங்கள். பிறகு பாரத்தோடு ஒரு நாள் இதே மாதிரி. அந்த ஆறு எண்ணையும் படகின் உட்பக்கத்தில் பெயின்ரால் எழுதி வைத்தால், அடுத்த வருடம் எண்ணெய் கூடப் போகிறதா இல்லையா என்று சந்தேகத்தில் சண்டை பிடிக்க வேண்டியதில்லை.

அப்புறம் புரொப்பெல்லர், அதாவது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறி. எஞ்சினைத் திருத்தக் கொண்டுவருபவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு எஞ்சினில் இல்லை, அதன் வாலில்தான். புரொப்பெல்லரில் இரண்டு எண் அடித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். பிட்ச் 10 என்றால் ஒரு சுற்றுக்கு, வழுக்காமல் திருகினால், பத்து அங்குலம் முன்னே போகும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று, கியர் இரண்டுக்கு ஒன்று என்றால் புரொப்பெல்லர் 2,500 சுற்றும். 25,000 அங்குலம், அதாவது 635 மீற்றர். மணிக்கு 38 கிலோமீற்றர், இருபதரை நொட். உங்கள் படகு ஓடுவது 16. மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில் வழுக்கிப் போகிறது. அது வழமையான அளவு. பாரத்தோடு மூன்றில் ஒன்று வழுக்கலாம். பாதி வழுக்கினால் ஏதோ பிழை: இதழ் வளைந்திருக்கும், உள்ளே இருக்கும் இரப்பர் புஷ் வழுக்கும், அல்லது எஞ்சின் உயர்ந்து நின்று காற்றை இழுக்கும்.

புரொப்பெல்லர் படகுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, வழமையான பாரத்தோடு முழுவதும் முறுக்கி ஆர்.பி.எம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று, எவ்வளவு என்று பாருங்கள். பிளக் வயரில் சுற்றி வைக்கும் சின்ன மீற்றர் மலிவாகக் கிடைக்கிறது. எஞ்சினோடு வந்த கையேட்டில் முழு வேகத்துக்கு இத்தனை சுற்றிலிருந்து இத்தனை சுற்று வரை என்று ஒரு எல்லை போட்டிருப்பார்கள். அந்த எல்லையின் அடியைக் கூட எட்டாவிட்டால் பிட்ச் கூடிவிட்டது. எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும், கரி பிடிக்கும், எண்ணெய் கூடப் போகும், மேட்டை ஏறவும் மாட்டாது. ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும். எங்கள் பக்கத்தில் பலர் வேகம் வேண்டுமென்று கூடிய பிட்ச் போடுகிறார்கள். வெறும் படகில் அது வேகம் தரும். வலை ஏற்றிய படகில் அது சுமை. நீங்கள் வலைத் தொழில் என்பதால் கொஞ்சம் குறைந்த பிட்ச் பக்கமே நில்லுங்கள்.

வளைந்த இதழைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது கரையில் எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். அவசரத்துக்கு அது சரி. ஆனால் மூன்று இதழும் ஒரே மாதிரி இல்லாத புரொப்பெல்லர் தினமும் உங்களிடம் வரி வாங்கும்.

எஞ்சின் நிற்கும் உயரம் சின்ன விசயம் போலத் தெரியும். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்தோடு சமமாக, மிஞ்சினால் ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். பின்பலகை உக்கிப்போய்ப் புதிதாகப் பலகை வைத்துக் கட்டும்போது இது மாறிவிடும். பிறகு காரணம் தெரியாமல் இரண்டு வருடம் எஞ்சினைக் குறை சொல்வார்கள். பாரத்தையும் பாருங்கள். எண்ணெய்க் கான், ஐஸ் பெட்டி, ஓட்டுபவர், மற்ற இருவர் எல்லாரும் பின்பக்கம் கூடினால் அணியம் தூக்கும். கான்களையும் ஒரு ஆளையும் முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள், படகு மேட்டை ஏறும் விதமே மாறும். ஒரு 20 லீற்றர் மண்ணெண்ணெய்க் கான் 16 கிலோ. பயத்தில் நாலு கான் கூடக் கொண்டுபோவது ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம். அதற்காக மட்டுமட்டாகவும் கொண்டுபோகாதீர்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கிலிருந்து நான் இறங்க மாட்டேன்.

படகின் அடியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தினமும் கரைக்கு இழுக்கும் படகில் பாசி பிடிக்காது. தண்ணீரிலேயே கட்டி விடுபவர்கள் பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும். பழைய பைபர் படகு உள்ளே தண்ணீர் ஊறிப் பாரமாவதுதான் கண்ணுக்குத் தெரியாத கேடு. வெடிப்பை உடனே அடைத்துவிடுங்கள்.

இனி மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வருவோம். ஒரு லீற்றரில் இருக்கும் சக்தி மண்ணெண்ணெயில்தான் கொஞ்சம் கூட. இருந்தும் ஏன் கூடப் போகிறது? மண்ணெண்ணெய் சீக்கிரம் தானாகப் பற்றி எஞ்சினைத் தட்ட வைக்கும் எண்ணெய் என்பதால் இந்த எஞ்சின்களில் சிலிண்டருக்குள் அமுக்கத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அமுக்கம் குறைந்தால் அதே எண்ணெயிலிருந்து கிடைக்கும் வேலையும் குறையும். பெற்றோல் போல எளிதில் ஆவியாகாது என்பதால் குளிர்ந்த எஞ்சினில் பாதி எரிந்தும் எரியாமலும் போகும். பெற்றோலில் தொடக்கிச் சூடாக்குவது அதற்குத்தான். இதற்கு மேலே டூ ஸ்ட்ரோக்கின் பிறவிக் குணம் வேறு. புதுக் கலவை உள்ளே வரும்போது புகை வழி திறந்தே இருப்பதால், காபரேற்றர் எஞ்சினில் நாலில் ஒரு பங்கு அளவுக்கு எரியாமலே வெளியே போய்விடுகிறது. எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீரில் வானவில் நிறத்தில் படர்கிறதே, அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எண்ணெய்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்த இழப்பு இல்லை. 25 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் முழு வேகத்தில் மணிக்கு எட்டரை, ஒன்பது லீற்றர் பெற்றோல் எடுக்கும். மெதுவாக ஓடும்போது வித்தியாசம் இன்னும் கூடும். உங்களுடைய பன்னிரண்டை எட்டரையால் வகுத்தால் 1.4. ஆக, பெற்றோல் விலை மண்ணெண்ணெய் விலையைப் போல 1.4 மடங்குக்குக் கீழே இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெய்ச் செலவில் வெல்லும், மேலே இருந்தால் தோற்கும். மண்ணெண்ணெய் 87 ரூபாயாக இருந்த கடைசி நாட்களில் பெற்றோல் 450. ஐந்து மடங்கு. அன்று ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கச் சொல்பவரைப் பைத்தியம் என்றிருப்பேன். அடுத்த நாள் மண்ணெண்ணெய் 340 ஆனதும் அது 1.3 மடங்காகிவிட்டது. இரண்டு தலைமுறையாக மண்ணெண்ணெய் எஞ்சினை வாங்கியதற்கான காரணம் ஒரு இரவில் போய்விட்டது. இன்றைக்கு உங்கள் ஊரில் விற்கும் இரண்டு விலையையும் வகுத்துப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் எரிபொருளோடு கலக்கும் ஒயிலின் செலவையும் மண்ணெண்ணெய் பக்கத்தில் சேர்க்க மறக்க வேண்டாம்.

ஆனாலும் உடனே மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் பத்துக் கிலோ அளவுக்குப் பாரம் கூட, அதுவும் பின்பலகையில். குறித்த மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்ற வேண்டும், நாங்கள் மாற்றுவோமா என்பது வேறு கதை. கரையில் அலை அடித்துப் படகு கவிழ்ந்து எஞ்சின் உப்புத் தண்ணீர் குடித்தால், டூ ஸ்ட்ரோக்கைப் பிளக்கைக் கழற்றி, கழுவி, ஒயில் விட்டு அன்றைக்கே உயிர்ப்பிக்கிற பெடியள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வைத்த ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு அப்படி ஆள் கிடைப்பது கடினம். பெற்றோலைத் திறந்த கானில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பீடி பற்ற வைக்கும் பழக்கமும் மாற வேண்டும். தினமும் முப்பது மைலுக்கு மேல் ஓடுபவர், திருத்த ஆள் பக்கத்தில் இருப்பவர் என்றால் மாறலாம். வாரத்துக்கு மூன்று நாள் ஓடும் ஆளுக்குப் புது எஞ்சின் விலை எண்ணெயில் திரும்பி வர நீண்ட காலம் எடுக்கும்.

ஒயில் பற்றி இரண்டு வார்த்தை. கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று நினைத்து இரட்டிப்பாக ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். பிளக் நனைந்து, கரி ஏறி, எண்ணெய் கூடப் போகும். குறைத்து ஊற்றினால் பிஸ்டன் போகும். கையேட்டில் போட்ட அளவுதான் அளவு. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டுப்பாட்டு நாட்களில் நான் ஒருவரிடம் கானோடு வாங்கிய மண்ணெண்ணெயில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். கடலில் எஞ்சின் இருமத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சூரிய வெளிச்சத்தில் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை.

வலையைக் கடலிலிருந்து இழுத்து வாங்கும் நேரத்தில் எஞ்சினைச் சும்மா ஓட விடுவதும் ஒரு செலவு. நிறுத்தினால் மண்ணெண்ணெயில் திரும்பத் தொடங்காது என்ற பயம்தான் காரணம். நிறுத்துவதற்கு ஓரிரு நிமிடம் முன்பே பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரில் இருப்பதை எரித்துவிட்டு நிறுத்துங்கள், ஒரு இழுவையில் தொடங்கும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வலை வாங்குபவருக்கு இதிலேயே தினம் ஒரு லீற்றர் மிஞ்சும்.

உங்கள் எஞ்சினைப் பற்றி இன்னும் திட்டமாகச் சொல்ல எனக்கு மூன்று விவரம் வேண்டும்: புரொப்பெல்லரில் அடித்திருக்கும் இரண்டு எண், பாரத்தோடு முழு வேகத்தில் வரும் ஆர்.பி.எம், கானை வைத்து அளந்த அந்த ஆறு எண்கள். எண் உப்பில் தேய்ந்து அழிந்திருந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், சிலவற்றில் அங்கே அடித்திருப்பார்கள். இவற்றை அனுப்புங்கள், பிட்ச் மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன். அதுவரைக்கும் புது எஞ்சினுக்கு முற்பணம் கட்ட வேண்டாம்.